ஆபரேஷனுக்கு முன் ஒரு ஸ்வாப்: அறிகுறி இல்லாதவரிடம் வைரஸ் தேடப் புதிதாக வந்தவர்களுக்கு

"எனக்கு இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, நல்லாத்தானே இருக்கேன். மூக்குல எதுக்குக் குச்சி விடுறீங்க?"

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீட்டுப் பிரிவில் வேலைக்குச் சேருகிற யாரிடமும் முதல் வாரத்திலேயே ஒரு நோயாளி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பதில், "ரூல்ஸ் அப்படிம்மா." நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நோயாளி தலையாட்டிவிட்டு மூக்கைக் காட்டுவார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, நான் சொன்னது பதிலே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த மேஜையில் புதிதாக உட்கார்பவர்களுக்கானது. நீங்கள் செவிலியராக இருக்கலாம், பயிற்சி மருத்துவராக இருக்கலாம், தியேட்டர் பட்டியல் போடுபவராகவும் இருக்கலாம். முக்கியமாகப் பேசப்போவது கோவிட் போன்ற சுவாசத் தொற்றைப் பற்றி. ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ்களின் கணக்கு முற்றிலும் வேறு என்பதால் அதைத் தனியாக, பின்னால் வைத்திருக்கிறேன்.

படி 1: பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்

டெஸ்ட் எழுதுவதற்கு முன் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "பாசிட்டிவ் வந்தால் இந்த நோயாளிக்கு நாங்கள் ______ செய்வோம்." கோடிட்ட இடம் நிரம்பவில்லை என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம். என்னைக் கேட்டால், இந்த வேலையில் பாதி இந்த ஒரு வரிதான்.

அந்த இடத்தை நிரப்பக்கூடிய காரணங்கள் அதிகமில்லை. ஒன்று, நோயாளியின் சொந்த ஆபத்து: தொற்றோடு மயக்க மருந்து எடுத்தால் அவருடைய நுரையீரல் தாங்குமா? இரண்டாவது, சுற்றி இருப்பவர்கள்: அவரைப் படுக்கவைக்கப்போகும் வார்டில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கிறார்களா, மயக்கத்தின்போது மூச்சுக்குழலில் குழாய் செருகும் மருத்துவரின் முகத்துக்கு நேரே அவருடைய மூச்சு போகப்போகிறதா? மூன்றாவது, சிகிச்சைத் தேர்வு: முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாமா, அல்லது தேதியையே மாற்றலாமா?

2020 மார்ச் வாக்கில் பல நாடுகளில் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் மொத்தமாக நிறுத்தப்பட்டபோது இந்த மூன்று காரணங்களும் மிக வலுவாக இருந்தன. அந்த ஆண்டு மே மாதம் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 24 நாடுகளைச் சேர்ந்த 235 மருத்துவமனைகளில் 1,128 நோயாளிகளைப் பார்த்தது. எல்லாருமே அறுவை சிகிச்சையை ஒட்டிய நாட்களில் கொரோனா தொற்று உறுதியானவர்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. ஒன்றை மறக்கக்கூடாது: அவர்களில் நால்வரில் ஏறக்குறைய மூவர் அவசர அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள், அதாவது ஏற்கெனவே உடல் மோசமானவர்கள். என்றாலும் யாரையும் நடுங்கவைக்கும் எண்தான் அது. அதன் பிறகுதான் "டெஸ்ட் இல்லாமல் தியேட்டருக்குள் வராதே" என்பது எங்கும் வழக்கமானது.

தடுப்பூசி வந்தது, பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது தொற்று வந்துபோனது, வைரஸும் மாறியது. 2022 டிசம்பரில், ஷியா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க மருத்துவமனைத் தொற்றியல் சங்கம், அறிகுறி இல்லாத எல்லாரையும் வழக்கமாகப் பரிசோதிப்பது இனி தேவையில்லை என்று அறிவித்தது. தாமதமும் வீண் அலைச்சலும் பலனை மிஞ்சிவிட்டன என்பது அதன் சாரம். ஆகவே உங்கள் மருத்துவமனையின் நடைமுறைத் தாளில் "எல்லாருக்கும்" என்று இருந்தால், அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள். பழைய தாள்கள் தாமாக ஓய்வு பெறுவதில்லை.

படி 2: சிகிச்சையைத் தரம் பிரியுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். உயிர் போகும் அவசரம் என்றால் டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்கவே கூடாது. தொற்று இருப்பதாக வைத்துக்கொண்டு முழுப் பாதுகாப்போடு உள்ளே போங்கள். முழங்கால் மாற்று, கண்புரை, குடலிறக்கம் போன்றவை பெரும்பாலும் தள்ளிப்போடக்கூடியவை. இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். புற்றுநோய்க் கட்டி, சுருங்கிக்கொண்டே போகும் இதய வால்வு போன்றவை ஒரு வாரம் பொறுக்கும், இரண்டு மாதம் பொறுக்காது. இந்த நடுப்பகுதியில் இருப்பவர்களின் பெயரை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள். பாசிட்டிவ் வந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எந்த உறுப்பைத் தொடப்போகிறார்கள் என்பதும் முக்கியம். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், நுரையீரல் சம்பந்தப்பட்டவற்றில் வைரஸ் காற்றில் பரவும் வாய்ப்பு அதிகம். உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, கடுமையான கீமோதெரபி ஆகியவற்றுக்கு முன் நோயாளியின் எதிர்ப்பு சக்தியை நாமே குறைக்கப்போகிறோம். எல்லாருக்குமான பரிசோதனையைக் கைவிட்ட இடங்களிலும் இவர்களுக்கு மட்டும் அதைத் தொடர்வதில் நியாயம் உண்டு.

படி 3: குச்சிக்கு முன் கேள்வி

"காய்ச்சல், சளி இருக்கா?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் "இல்லை" என்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி, யாருக்குத்தான் விட மனம் வரும்? பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. "அது சாதாரண ஜலதோஷந்தான்" என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள்:

– போன ரெண்டு வாரத்துல பாராசிட்டமால் ஏதாவது போட்டீங்களா? எதுக்காக?
– தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, வாசனை தெரியாம இருந்தது, இப்படி ஏதாவது?
– வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? குழந்தைங்களுக்கு?
– இதுக்கு முன்னாடி கோவிட் பாசிட்டிவ் வந்திருக்கா? எந்தத் தேதி?

முதல் கேள்விதான் என் அனுபவத்தில் அதிகம் பிடித்துத் தந்தது. மாத்திரை போட்டதை யாரும் மறைப்பதில்லை. அதற்குக் காரணம் சொல்லும்போதுதான் "ஒரு நாள் லேசா சூடா இருந்துச்சு" என்பது வெளியே வரும்.

கடைசிக் கேள்வியின் பதிலில் தேதி கட்டாயம் வேண்டும், "கொஞ்ச நாள் முன்னாடி" என்பது போதாது. தொற்று போன பிறகும் வைரஸின் சிதறல்கள் மூக்கில் தங்கியிருந்து, வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் (சுருக்கமாக பிசிஆர்) மூன்று மாதம் வரைகூட பாசிட்டிவ் காட்டலாம். சாதாரணமாகத் தொற்று வந்துபோனவரிடம் சுமார் பத்து நாளுக்கு மேல் உயிருள்ள, பரவக்கூடிய வைரஸ் கிடைப்பது அரிது. அண்மையில் தொற்று வந்துபோய், இப்போது அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபடி பிசிஆர் எடுத்தால், நீங்களே ஒரு தலைவலியை வாங்கிக்கொள்கிறீர்கள்.

படி 4: எந்த டெஸ்ட், எப்போது

இரண்டு வகையும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆர்டி-பிசிஆர் மிக நுண்ணியது, ஆனால் முடிவு வர நேரமாகும், பழைய தொற்றையும் காட்டிக்கொடுக்கும். வைரஸின் புரதத்தைத் தேடும் ரேபிட் ஆன்டிஜென் கால் மணி முதல் அரை மணி நேரத்தில் முடியும். வைரஸ் அளவு குறைவாக இருந்தால் அது தவறவிடும். ஆனால் அதிகமாக இருக்கும்போது, அதாவது பிறருக்குப் பரப்பக்கூடிய நாட்களில், ஓரளவு நன்றாகவே பிடிக்கும்.

பிசிஆர் என்றால் வழக்கமாகச் சிகிச்சைக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுப்பார்கள். அந்த 72 மணி நேரத்தில் நோயாளி எங்கே போகிறார் என்பதையும் யோசியுங்கள். மாதிரி கொடுத்த கையோடு நான்கு விசேஷங்களுக்குப் போய்வந்தால் அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. "சிகிச்சை வரைக்கும் கூட்டத்துக்குப் போகாதீங்க, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போனா உடனே போன் பண்ணுங்க" என்று சொல்லி, எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

தொற்றின் ஆரம்ப நாட்களில் பிசிஆர்கூட ஏமாற்றும். 2020-ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, தொற்று உள்ளே புகுந்த முதல் நாளில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நான்காம் நாளில்கூட தொற்றுள்ள 100 பேரில் 67 பேரைப் பிசிஆர் தவறவிடும். அறிகுறி தொடங்கும் நாளில் 38 பேர், அதற்கு மூன்று நாள் கழித்து 20 பேர். எட்டாம் நாள் வாக்கில்தான் அது மிக நன்றாகக் கண்டுபிடிக்கிறது. அறிகுறியே இல்லாதவரிடம் அவர் எத்தனையாவது நாளில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? "நெகட்டிவ்" என்று தாளில் இருப்பதற்கு, "நாங்கள் பார்த்த நேரத்தில் கிடைக்கவில்லை" என்பதற்கு மேல் பொருள் இல்லை.

மாதிரி எடுப்பதில் ஒரு சின்ன விஷயம். குச்சியை மேல்நோக்கிச் செலுத்தாதீர்கள். மூக்கின் தரையோடு ஒட்டி, காதின் திசையில், நேராகப் பின்னால் போக வேண்டும். தடை தெரிந்தால் அழுத்தாமல் மற்ற துவாரத்தை முயலுங்கள். தொண்டையின் பின்சுவரைத் தொட்டதும் சில நொடிகள் நிறுத்தி, மெதுவாகச் சுழற்றி எடுங்கள். மூக்கில் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர், மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு உள்ளவர், ரத்தம் உறையாமை உள்ளவர் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். குழாயில் பெயர் ஒட்டுவது நோயாளியின் எதிரிலேயே நடக்கட்டும். நான்கு குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் ஒட்டலாம் என்று நினைத்தவர்கள்தான் பிறகு இரண்டு நோயாளிகளைத் திரும்ப அழைக்கிறார்கள்.

படி 5: பாசிட்டிவை நம்புவதற்கு முன் ஒரு கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது என்பேன். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் வசதிக்கு எடுத்தவை.

ஊரில் தொற்று மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி இல்லாத 10,000 பேருக்கு டெஸ்ட் எடுக்கிறோம். உண்மையில் தொற்று இருப்பது 10 பேருக்கு. டெஸ்ட் 100-க்கு 80-ஐப் பிடிக்கும் என்றால் 8 பேர் அகப்படுவார்கள். மீதி 9,990 பேர் தொற்றில்லாதவர்கள். டெஸ்ட் மிக நல்லது, ஆயிரம் பேருக்கு ஐந்து பேரிடம்தான் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றாலும், 50 பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். மொத்தப் பாசிட்டிவ் 58, அதில் உண்மை 8. ஏழு பேரின் தேதியை ரத்து செய்தால், ஆறு பேரை வீணாகத் திருப்பி அனுப்புகிறோம்.

இப்போது தொற்று அலை அடிக்கிறது, 100-க்கு 5 பேருக்கு இருக்கிறது. அதே டெஸ்ட், அதே 10,000 பேர். தொற்றுள்ள 500 பேரில் 400 பேர் அகப்படுவார்கள். தவறான பாசிட்டிவ் சுமார் 48. பத்துப் பாசிட்டிவில் ஒன்பது உண்மை. ஆனால் 100 பேர் நெகட்டிவ் தாளோடு உள்ளே போய்விடுகிறார்கள், அதையும் கவனியுங்கள்.

டெஸ்ட் மாறவில்லை, ஊர்தான் மாறியது. அதனால் தொற்று குறைந்த காலத்தில் அறிகுறி இல்லாதவருக்குத் திடீரென்று பாசிட்டிவ் வந்தால் உடனே தேதியை ரத்து செய்யாதீர்கள். மாதிரி மாறியிருக்குமா என்று லேபைக் கேளுங்கள். பிசிஆர் வைரஸின் மரபணுவைப் பெருக்கிக்கொண்டே போகும்போது எத்தனையாவது சுழற்சியில் அது தெரிந்தது என்பதைக் காட்டும் சிடி மதிப்பு கிடைக்குமா என்று பாருங்கள் (ஸ்கேன் அல்ல, அது வேறு). மிக அதிகமான சிடி மதிப்பு மிகக் குறைந்த அளவு வைரஸையே காட்டுகிறது. பழைய தொற்றின் மிச்சமாகவோ புதிய தொற்றின் தொடக்கமாகவோ அது இருக்கலாம். 24 முதல் 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது மாதிரி இரண்டையும் பிரித்துக் காட்டும்.

படி 6: பாசிட்டிவ் உறுதியானால்

அன்றே, நீங்களே, போனில் சொல்லுங்கள். குறுஞ்செய்தி போதாது. சொல்லும்போது அடுத்த தேதி எப்போது முடிவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கேன்சல்" என்ற ஒற்றைச் சொல்லோடு போனை வைத்தால், அடுத்த முறை அவர் தொண்டை வலியை உங்களிடம் சொல்லமாட்டார்.

எவ்வளவு நாள் தள்ளிப்போடுவது? 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளைப் பார்த்தது. முன்பு தொற்றே இல்லாதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று உறுதியாகி இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 4.1. மூன்று, நான்காம் வாரத்தில் 3.9. ஐந்து, ஆறாம் வாரத்தில் 3.6. ஏழு வாரம் தாண்டியதும் மறுபடி 1.5. ஏழு வார விதி இங்கிருந்துதான் பிறந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகும் மூச்சுத் திணறல் போன்ற தொந்தரவு தொடர்ந்தவர்களில் இறப்பு 6 சதவீதமாகவே இருந்தது. ஆகவே நாட்காட்டியை மட்டும் பார்க்காதீர்கள், நோயாளியையும் பாருங்கள்.

அந்தத் தரவு பெரும்பாலும் தடுப்பூசிக்கு முந்தைய காலத்தது. 2023-ல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் இதைத் தளர்த்தியது: முதல் இரண்டு வாரம் திட்டமிட்ட சிகிச்சை வேண்டாம், இரண்டுக்கும் ஏழுக்கும் இடையில் நோயாளியின் வயது, நோய்கள், தள்ளிப்போடுவதால் வரும் கேடு ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுங்கள் என்றது. எடைபோடுவது மயக்க மருந்து நிபுணரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டியது. அவர்கள் முன்னால் சரியான தேதிகளை வைப்பது உங்கள் வேலை.

இனி, எல்லாரும் மறக்கும் ஒன்று. அறுவைக்காக நிறுத்திவைத்த மருந்துகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தியிருப்பார், சில சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்தியிருப்பார். தேதி ரத்தானதும் "மாத்திரையை எப்போது திரும்ப ஆரம்பிப்பது?" என்று யாரும் சொல்லாவிட்டால், அவர் அடுத்த தேதி வரை சும்மா இருப்பார். தொற்றே ரத்தம் உறையும் போக்கைக் கூட்டக்கூடியது. அதனால் ரத்து செய்யும் போன் அழைப்பிலேயே மருந்துப் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரைக் கேட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் அழைப்பை முடியுங்கள். தொற்றுக்காக நிர்மாட்ரெல்விர்-ரிடோனாவிர் என்ற கோவிட் மாத்திரையை எழுதப்போகிறார்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. அது ரத்த மெலிவு மாத்திரைகள் பலவற்றோடும் சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் மோதும்.

நெகட்டிவ் வந்தால்

அறுவை நாள் காலையில் அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். மாஸ்க், கைகழுவல், காற்றோட்டம் எதையும் குறைக்காதீர்கள்.

ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ்கள்: வேறு கதை

பல மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்கு முன் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி மூன்றையும் "வைரல் மார்க்கர்ஸ்" என்ற பெயரில் ஒரே சீட்டில் எழுதிவிடுவார்கள். கோடிட்ட இடத்தை இங்கேயும் நிரப்பிப் பாருங்கள். "பாசிட்டிவ் வந்தால் இரண்டு கையுறை போடுவோம்" என்பதுதான் பதிலா? அப்படியானால் நெகட்டிவ் வந்தவருக்கு ஒரு கையுறையா? நோயாளியிடம் எந்த வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தத்தை ஒரே மாதிரி கையாள வேண்டும் என்பதுதான் அடிப்படைப் பாதுகாப்பு முறையின் அடித்தளம். இது 1980-களிலேயே எச்ஐவி காலத்தில் வகுக்கப்பட்டது.

இதற்குக் காரணம் இடைவெளிக் காலம், அதாவது தொற்று வந்தும் டெஸ்டில் தெரியாத நாட்கள். வைரஸின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை எச்ஐவி டெஸ்ட் தொற்று நிகழ்ந்து 18 முதல் 45 நாளில்தான் கண்டுபிடிக்கும். ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் தெரிய 8 முதல் 11 வாரம் ஆகும். அந்த நாட்களில் நெகட்டிவ் தாளோடு வருபவரின் ரத்தம்தான் மிகவும் ஆபத்தானது. ஊசி குத்தினால் பரவும் வாய்ப்பு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி-யில் 6 முதல் 30 சதவீதம், எச்ஐவி-யில் சுமார் 0.3 சதவீதம். இந்த எண்களைப் பார்த்துவிட்டு முதலில் செய்ய வேண்டியது உங்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முடித்து, எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது.

இந்த டெஸ்ட்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளியின் நலனுக்காக எடுத்தால் பெரிய பலன் உண்டு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பார்க்காமல் விட்டால், உறங்கிக்கிடந்த வைரஸ் விழித்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம். ஹெபடைடிஸ் சி-யை இன்று 8 முதல் 12 வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. ஆனால் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்பது "எப்போதோ வந்திருந்தது" என்பதை மட்டுமே காட்டும். இப்போது இருக்கிறதா என்பதற்கு வைரஸின் மரபணுவையே தேடும் ஆர்என்ஏ டெஸ்ட் வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் எடுத்தால், தடுப்பூசியில் உள்ள புரதமே டெஸ்டைப் பாசிட்டிவாகக் காட்டிவிடும். 18 நாள் வரை இது நடக்கலாம் என்பதால் தடுப்பூசித் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்ஐவி டெஸ்ட் எடுக்கும் முன் என்ன டெஸ்ட் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஒப்புக்கொள்ளாததற்காக அறுவையை மறுக்கக்கூடாது. முடிவைத் தனியறையில், மருத்துவர் அல்லது ஆலோசகர் சொல்ல வேண்டும். கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து, பட்டியலில் கடைசியாக எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றும் எந்த ஊழியரையும் காப்பதில்லை. நோயாளியின் ரகசியத்தை வார்டு முழுக்கப் பரப்புவதுதான் மிச்சம். உங்கள் கையில் ஊசி குத்திவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவி, பிழியாமல், உடனே தகவல் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாக

எல்லா இடத்திலும் பெயர், தேதி, டெஸ்ட், முடிவு என்று நான்கு பத்திகள் இருக்கும். ஐந்தாவதாக "இதனால் மாறியது என்ன?" என்று ஒன்று சேருங்கள். "தேதி மூன்று வாரம் தள்ளியது", "தனியறை", "மரத்துப்போகும் ஊசிக்கு மாற்றம்", "எதுவுமில்லை" என்று ஓரிரு சொல் போதும். மாதக் கடைசியில் எத்தனை டெஸ்ட், எத்தனை பாசிட்டிவ், எத்தனை முடிவு மாறியது என்று எண்ணித் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கொடுங்கள். எந்தப் பிரிவில் "எதுவுமில்லை" வரிசையாக வருகிறதோ, அந்தப் பிரிவை அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.